கப்பல் ஏறாத பீப்பாய்கள்

பிப்ரவரி 6, 2023. திங்கள்

போகிளின் கிடங்கிலிருந்து பீப்பாய்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் நீல பிளாஸ்டிக், எல்லாம் அடிபட்டவை. விளிம்பு நசுங்கியது, அடியில் கீறல் விழுந்தது, மூடி பொருந்தாதது.

"இதுல அரிசியைப் போட்டு அனுப்பினா பாதி கடலுக்குத்தான். உனக்கு எதுக்கு கண்ணு இந்தக் கழிசடை?" என்றார் போகிள். இங்கிலாந்தில் எங்கள் ஹேண்ட்ஸ்வர்த்திலிருந்து ஜமைக்காவுக்குச் சாமான் அனுப்புகிற யாரும் அவர் வாசலைத் தாண்டாமல் அனுப்ப முடியாது.

"கலைக்கு."

"உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

இல்லை. சொல்லவில்லை.

இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன். ஆல்டன் கலைக்கூடம் சரி என்று சொல்லிவிட்டது. ஜூன் மாதம், ஒரு முழு அறை. எனக்கு! ரோவீனா பின்னக், வயது முப்பத்தொன்பது. இத்தனை காலம் சர்ச் மண்டபத்திலும் முடி பின்னுகிற கடைகளின் ஜன்னலிலும் காட்சி வைத்தவள். பட்டறையில் தனியாக ஒரு ஆட்டம் போட்டேன். அந்த நேரம் பார்த்து மேலே பாலத்தில் ரயில் போக, ஆணி டப்பாக்களும் கூடச் சேர்ந்து ஆடின.

பிப்ரவரி 11

ஒரு பீப்பாய்க்குள் தலையை விட்டேன். சோப்புத்தூள் வாசனை. அப்படியே ஜமைக்காவுக்கு, எங்கள் மாண்டவில்லுக்கு மனசால் போய்விட்டேன்.

அம்மா இங்கிலாந்துக்குப் போனபோது எனக்கு ஆறு வயது. பதினொன்றில்தான் என்னை அழைத்துக்கொண்டாள். நடுவில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அம்மா என்றால் எனக்கு ஒரு குரலும், வருடத்துக்கு இரண்டு பீப்பாயும்தான். பீப்பாய் திறக்கும் நாளில் தெருவே முற்றத்துக்கு வந்துவிடும். அரிசி, எண்ணெய், பள்ளிச்சட்டை, கார்ன்ஃப்ளேக்ஸ், எல்லாவற்றுக்கும் நடுவே சோப்புத்தூள். இரண்டு மாதம் கடலில் கிடந்து எல்லாமே சோப்பு மணக்கும். இங்கே வந்த முதல் காலையில் அம்மா கார்ன்ஃப்ளேக்ஸ் கொடுத்தாள். "இது கெட்டுப்போச்சு," என்றேன். சோப்பு ருசி இல்லையே!

தலையை உள்ளே வைத்துக்கொண்டே "ஹலோ" என்றேன். என் குரல் பெரிதாகித் திரும்பி வந்தது.

பேசுகிற பீப்பாய். இங்கே ஒருவர் தலையை விட்டுப் பேச, அங்கே மாண்டவில்லில் ஒரு பீப்பாயிலிருந்து அது கேட்க வேண்டும். அங்கே பேசினால் இங்கே. அதுதான். அதேதான்.

பிப்ரவரி 25

நாள் முழுக்கக் குவாபெனாவுடன். என் கூட்டாளி, கானாக்காரன். நான் வெட்டி ஒட்டுவேன், அவன் அதற்குக் கணினி மூளை வைப்பான்.

"ரோ, இது கலையா, இல்ல டெலிபோன் பூத்தா?"

"ரெண்டும்."

"அப்ப சரி. ரெண்டுக்கும் கூட்டம் வரும்."

செத்த கைப்பேசிகள் வேண்டும் என்று முடிக்கடைகளில் சொல்லி வைத்திருந்தேன். மூட்டை மூட்டையாக வந்திருக்கின்றன. இந்த ஊரில் எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் நாலு கிடக்கும். உள்ளே யாரோ ஒருவரின் குரல் இருக்கிறது என்று தூக்கிப்போடாமல் வைத்திருப்பார்கள். குவாபெனா ஒவ்வொன்றாகப் பிரித்தபடி சொன்னான்: "ஐரோப்பாவுல சாகுற ஃபோனுக்கெல்லாம் எங்க அக்ராவுலதான் சுடுகாடு. நான் இங்க உக்காந்து உயிர் குடுத்துட்டு இருக்கேன் பாரு."

விரிசல் விட்ட திரைகளைப் பீப்பாய்களைச் சுற்றி ஒட்டப்போகிறோம். திரையில் என்ன காட்டுவது? எனக்குச் சந்தேகமே இல்லை. காலை வணக்கப் படங்கள். மினுமினுக்கிற ரோஜா, வெள்ளைப் புறா, பைபிள் சங்கீதத்திலிருந்து ஒரு வரி. கிங்ஸ்டனிலிருந்து டொராண்டோ வரை, லண்டனிலிருந்து பனாமா வரை, எங்கள் சனங்களைத் தினமும் காலையில் ஒன்றாகக் கட்டுவது அந்த ரோஜாதான். என்னிடம் அம்மா அனுப்பியது மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

மார்ச் 12

அல்தியாவிடம் பேசினேன். பெரியம்மா மகள், மாண்டவில்லில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்து வேலை முழுக்க அவளுடையது.

"அங்க பீப்பாய் கிடைக்குமா?"

"ஏண்டி, இங்க பீப்பாய்க்கா பஞ்சம்? நீங்க அனுப்பினதுலதான் ஊரே தண்ணி புடிச்சு வெச்சிருக்கு!"

மார்ச் 19. அன்னையர் ஞாயிறு

அம்மா பட்டறைக்கு வந்தாள். சர்ச் முடிந்து நேராக, சொல்லாமல்.

திரைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இது நான் அனுப்பின ரோஜா இல்ல?"

"ஆமாம்மா."

"என் பிரார்த்தனையைக் குப்பையில ஒட்டி வெச்சிருக்கியா?" கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அருகில் போனாள். "இந்தப் புறா நான் அனுப்பினது இல்ல. இது எங்க சர்ச் சிஸ்டர் மெர்லினோடது. அவளுக்குத்தான் இந்தக் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் புடிக்கும்."

பீப்பாய்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஐந்து வருடத்தைப் பற்றி அவளும் நானும் பேசியதே கிடையாது. சண்டைகூடப் போட்டதில்லை. அறை நடுவில் கிடக்கும் பெரிய மேசையைப் போல அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறோம்.

ஏப்ரல் 20

கலைக்கூடத்துப் பொறுப்பாளர் இமோஜென் வந்து பார்த்தார். "அற்புதம்" என்றார், பலமுறை. போகும்போது இரண்டு யோசனை. ரோஜாப் படங்கள் கொஞ்சம் மலிவாகத் தெரிகின்றனவாம், எடுத்துவிடலாமா? நேரலையில் யாராவது தகாததைப் பேசிவிட்டால்? முன்பே பதிவுசெய்த குரல்களை ஓடவிட்டால் போதாதா?

யோசிக்கிறேன் என்றேன். இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பயம். அந்த அறை கைநழுவிவிடுமோ என்று.

மே 3

அல்தியாவின் தும்மல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தது! குவாபெனா பீப்பாயைப் பார்த்து "நூறு வயசு" என்றான்.

மே 16

இரவு இரண்டு மணி. எழுதினால்தான் தூக்கம் வரும்.

அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அடுப்பில் ஆட்டுக்கறி. மேசையில் ஒரு துண்டுப் பிரசுரம். கலைக்கூடத்தினுடையது, என் பெயர், என் பீப்பாய். சிஸ்டர் மெர்லினுக்கு நூலகத்தில் கிடைத்ததாம். எனக்கு யாரும் காட்டவே இல்லை.

"தாயால் கைவிடப்பட்ட ஒரு குழந்தையின் வலி."

அப்படித்தான் போட்டிருந்தது. பெரிய எழுத்தில்.

அம்மா கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். "நான் உன்னைக் கைவிட்டேனா ரோவீனா?"

"நான் எழுதலம்மா. சத்தியமா நான் எழுதல."

"உன் பேர்தான இருக்கு."

"அவங்களா போட்டது—"

"கிழவிங்களுக்குக் குண்டி கழுவினேன். ராத்திரிப் பள்ளிக்கூடம் கூட்டினேன். கைவிட்டேனா?"

மாடிக்குப் போய்விட்டாள். கறி ஆறிப்போனது. நான் என்ன பண்ணுவேன்? போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டி என்ன சொல்ல? கைவிடலம்மா. அதைச் சொல்ல ஏன் எனக்கு வாய் வரல? அப்ப எனக்கே உள்ளுக்குள்ள—

போதும்.

மே 18

இமோஜெனைப் பார்க்கப் போனேன். இதை மாற்றுங்கள் என்றேன்.

"அச்சாகி எல்லா இடத்துக்கும் போயிடுச்சு ரோவீனா. அதுவும் இல்லாம, இது உங்க உண்மைதானே?"

"என் உண்மையை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"வலி இருந்தாத்தான் அந்த அறையில ஆளுங்க நிப்பாங்க. கொஞ்சம் நம்புங்க என்னை." அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேரலை கிடையாது என்பதும் முடிவாகிவிட்டதாம்.

"அப்ப அந்த அறையை வேற யாருக்காவது குடுங்க," என்றேன். என் குரல்தானா அது?

74ஆம் எண் பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து சோஹோ ரோடு முழுக்க அழுதுகொண்டே வந்தேன். எத்தனை வருடம் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே வாக்கியத்தில் போய்விட்டது.

மே 19

குவாபெனா: "சரியாத்தான் பண்ணியிருக்க. இன்னிக்கு நல்லா அழுதுக்க. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

ஜூன் 10

அம்மாவிடமிருந்து காலை ரோஜா நின்று வாரக்கணக்காகிறது. கூப்பிட்டால் எடுக்கிறாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

இன்று போகிளிடம் பீப்பாய்களைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கப் போனேன். கிடங்கின் நடுவில் ஒரு அம்மாள் பீப்பாய்க்குள் பாதி உடம்பை விட்டு, டின் மீன்களுக்கு இடையில் சாக்ஸ் உருண்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். இடுக்கு விடாமல். முகம் அப்படியொரு கவனம். பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் முன்னோரை இதே கடலில் சரக்காக அடைத்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் கடலில் சரக்கை அனுப்புகிறவர்களாக நாங்கள் ஆனோமே, இதை வலி என்று மட்டும் எழுத எப்படி மனசு வரும்?

"மிஸ்டர் போகிள், ஆகஸ்ட் ஆறு ஞாயித்துக்கிழமை. கிடங்கு எனக்கு வேணும்."

"நம்ம ஜமைக்கா சுதந்திர நாளன்னிக்கா? எதுக்கு?"

சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார். "கலைன்னா எனக்குத் தெரியாது. கூட்டம்னா தெரியும். கழிப்பறை ரெண்டு வாடகைக்கு எடுக்கணும்."

ஜூலை 22

அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அந்த வாசகம் இல்லை, கலைக்கூடமும் இல்லை, போகிள் கிடங்குதான், வாம்மா.

"ஞாயித்துக்கிழமை எனக்குச் சர்ச் இருக்கு," என்றாள்.

ஆகஸ்ட் 6. ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது!

மழை வரவில்லை. கிடங்கு முற்றத்தில் பன்னிரண்டு பீப்பாய்களும் வட்டமாக நின்றன. நூற்றுக்கணக்கான விரிசல் திரைகளில் ரோஜாக்கள் மினுக்கின. முடிக்கடைப் பெண்கள், சர்ச் ஆட்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள். எனக்கு யாரென்றே தெரியாதவர்கள்தான் அதிகம். கழிப்பறை இரண்டு போதவில்லை.

நான்கு மணிக்கு இணைப்பைப் போட்டோம். ஒன்றுமில்லை. மாண்டவில்லில் கரண்ட் போய்விட்டது.

குவாபெனா ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொன்னான். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "கரண்ட் போச்சா? அப்ப நிஜமாவே ஜமைக்காவுக்குத்தான் லைன் போட்டிருக்கீங்க!" முற்றமே சிரித்தது. ஒருத்தரும் கிளம்பவில்லை.

அல்தியா தெருவில் இறங்கி, வந்த டாக்சியை மறித்து, டிரைவரைத் திட்டி, பேட்டரியைக் கழற்ற வைத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது இதுதான்: திடீரென்று ஒரு பீப்பாயிலிருந்து சேவல் கூவியது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்? சேவலை இல்லை. அதைக் கேட்டு எழுந்த எங்கள் சத்தத்தை.

அப்புறம் வரிசை. தலைகள் உள்ளே போயின. "அங்க இப்ப என்ன வாசனை வருது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "பக்கத்துல பன்னி சுடுறாங்க ஐயா," என்று பதில் வர, முற்றம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியது. அண்ணன் தம்பி இரண்டு பேர் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒரு பழைய கிரிக்கெட் ஆட்டத்துக்காகச் சண்டை போட்டார்கள். தகாததும் பேசினார்கள், நிறையவே.

ஐந்து மணி இருக்கும். ஊதாத் தொப்பி ஒன்று கூட்டத்தில் வந்தது. அம்மா.

என்னைப் பார்க்கவில்லை. நேராக வரிசையில் போய் நின்றாள். முறை வந்ததும் தொப்பி உள்ளே நுழையவில்லை. கழற்றி, முகத்தைத் திருப்பாமலே என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஜமைக்காவுக்குப் பேசும்போது அம்மாவுக்குத் தொலைபேசியே தேவையில்லை. அப்படிக் கத்துவாள். முற்றம் முழுக்கக் கேட்டது.

"யாரு அங்க?"

"ஜோடியான்." சின்னப் பெண் குரல். "எனக்கு ஒம்பது வயசு. எங்கம்மா இங்கிலாந்துல இருக்காங்க. பீப்பாய் அனுப்புறேன்னாங்க. நீங்கதான் அனுப்புறீங்களா?"

"நான் இல்ல கண்ணு. உங்கம்மா அனுப்புவா. என்ன கேட்டிருக்க?"

"ஷூ."

"கால் என்ன நீளம்?"

அங்கே கொஞ்சம் குசுகுசுப்பு. "ஒரு சாண், ரெண்டு விரல். எங்க ஆன்ட்டி சாண்."

"அப்ப மூணு விரல்னு சொல்லு. நான் என் மகளுக்கு எப்பவும் ஒரு அளவு பெரிசாத்தான் வாங்குவேன். கப்பல் போய்ச் சேர ரெண்டு மாசம் ஆகுமில்ல? கால் சும்மா இருக்குமா, வளரும். கடைக்காரன் கேப்பான், பிள்ளைக்கு என்ன அளவும்மான்னு. எனக்கு எப்படித் தெரியும்? கப்பல் போய் நிக்கிற அன்னிக்கு அவ கால் எவ்வளவு இருக்கும்னு கண்ணை மூடி யோசிச்சு யோசிச்சு வாங்குவேன்."

என் ஷூக்கள். பெரியம்மா முனையில் செய்தித்தாள் அடைத்துத் தருவாள். பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் சொல்வேன்: எங்கம்மாவுக்கு என் கால் தெரியாது, மறந்துட்டாங்க. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஜோடியான் கேட்டாள்: "உங்க பொண்ணு உங்க மேல கோவமா?"

வரிசையில் நின்றவர்கள் பீப்பாயை நெருங்கினார்கள். திரைகளில் ரோஜாக்கள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"தெரியல கண்ணு. கேட்டதில்ல. கேக்கப் பயம்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"இங்கதான் நிக்கிறா. என் தொப்பியைப் புடிச்சுக்கிட்டு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழகாக இருந்திருக்கும். ஆனால் அவள் இத்தனை பேர் நடுவில் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிஜத்தைச் சொல்லும்போது, நான் எப்படி—

"இருந்துச்சும்மா," என்றேன். "இப்ப இல்ல."

அம்மா தலையை வெளியே எடுக்கவில்லை. இன்னும் பலமாகக் கத்தினாள்: "கேட்டுச்சா ஜோடியான்? இருந்துச்சாம்! இப்ப இல்லையாம்!"

கைதட்டல். இங்கேயா அங்கேயா? இரண்டு பக்கமும். அம்மா நிமிர்ந்தாள், முகம் நனைந்திருந்தது. தொப்பியை வாங்கி நேராக வைத்துக்கொண்டு, "எதுக்கு இப்படி அழுக்குச் சட்டையைப் போட்டுட்டு நிக்கிற, இத்தனை பேர் வந்திருக்காங்க," என்றாள்.

ஆகஸ்ட் 7

காலை ஏழு மணிக்கு ரோஜா வந்தது. மூன்று, வரிசையாக. கூடவே மஞ்சள் புறா ஒன்று.

ஆகஸ்ட் 9

இமோஜென் பட்டறைக்கு வந்தார். ஞாயிறு அவரும் வந்திருந்தாராம், வரிசையில் நின்றாராம். நான் கவனிக்கவே இல்லை.

"நான் எழுதினது தப்பு," என்றார். சுற்றி வளைக்கவில்லை. "உங்கம்மாகிட்ட நேர்ல சொல்லணும். சொல்ல விடுவாங்களா?"

"தெரியாது. கறி சாப்பிடுவீங்கன்னா உள்ள விடுவாங்க."

கலைக்கூடத்துத் தலைவர், அன்று யாரோ கைப்பேசியில் எடுத்துப் பரப்பிய காணொளியைப் பார்த்திருக்கிறார். ஊரே பார்த்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் பெரிய அறை, மாடியில் உள்ளது, தருகிறார்களாம். இந்த முறை நான் யோசிக்கிறேன் என்று சொல்லவில்லை. நேரலை இருக்கும். ரோஜா இருக்கும். பார்க்க வருகிறவர்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தக் கூடாது. சுவரில் என்ன எழுதுவது என்பதை என் அம்மா சொல்வாள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

செப்டம்பர் 14

அம்மா எழுதிக்கொடுத்த வாசகம்: "இதை நானும் என் மகளும் செய்தோம். தொடலாம். உரக்கப் பேசவும். அயோனி பின்னக்."

"நீ எங்கம்மா செஞ்ச?" என்றேன்.

"முப்பது வருஷம் ஊருக்குப் பீப்பாய் கட்டினது யாரு?"

சுவரில் இன்னும் கொஞ்சம் விளக்கம் சேர்க்கலாமா என்று இமோஜென் கேட்டார். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி கறி போட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

அக்டோபர் 21

திறந்தாயிற்று.

அடிமைகளை வைத்துச் சர்க்கரையில் பணம் பண்ணிய கனவான்களின் ஓவியங்கள் தொங்குகிற படிக்கட்டு அது. ஹேண்ட்ஸ்வர்த் மொத்தமும் அதில் ஏறி வந்தது, தொப்பி வைத்து, சென்ட் போட்டு, தூக்குப்பாத்திரத்தில் சாப்பாட்டோடு. காவலர்கள் முதலில் திகைத்தார்கள், அப்புறம் சாப்பிட்டார்கள். சேவல் கூவியது அந்தக் கனவான்கள் காது வரை கேட்டது.

குவாபெனா புதுக் கோட்டில் வந்தான். அக்ராவில் அவன் அப்பாவே ஒரு பீப்பாயை வாங்கி வாசலில் வைத்துவிட்டாராம். "லைன் குடு லைன் குடுன்னு உயிரை எடுக்கிறாரு, ரோ. அங்க சேவல் இல்லையாம், ஆடு இருக்காம்."

கலைக்கூடம் இதை வாங்கிக்கொள்கிறது. நிரந்தரமாக. இந்த ஊரின் சொத்தாக. தலைவர் எல்லார் முன்னாலும் அறிவித்தபோது அம்மா சிஸ்டர் மெர்லினிடம் கிசுகிசுத்தது மாடி முழுக்கக் கேட்டது: "அடிபட்ட பீப்பாய்டி! போகிள் தூக்கிப் போட்டது!"

டிசம்பர் 9. சனி

வேறு வேலையாக நகரத்துக்குப் போனவள், அப்படியே கலைக்கூடத்துக்குள் நுழைந்தேன். மாடி வரிசை படிக்கட்டில் பாதி தூரம் இறங்கியிருந்தது. சோமாலியாக் குடும்பம் ஒன்று, பள்ளிச் சீருடையில் சில பெண்கள், வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று. ஓரமாக மேலே ஏறப் பார்த்தேன். ஒரு அம்மாள் கையை நீட்டி மறித்தாள்.

"எல்லாரும் நிக்கிறோம்ல? பின்னாடி போம்மா."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசியில் போய் நின்றேன். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

இத்தனை மாதத்தில் நான் இதில் ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஒயர் சரிபார்க்க ஒன்று இரண்டு எண்ணியிருக்கிறேன், அவ்வளவுதான். முறை வந்தது. தலையை உள்ளே விட்டேன்.

"ஹலோ, யாரு பேசுறது?" அங்கிருந்து ஒரு ஆண் குரல்.

"ரோவீனா. ரோவீனா பின்னக்."

"எந்த ரோவீனா?"

"அயோனியோட பொண்ணு."

"அட, மிஸ் அயோனி பொண்ணா!" அவர் திரும்பி யார் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "இதை மொதல்லயே சொல்றதில்லையா? இரு இரு, போயிடாத, எல்லாரும் வராங்க."